எட்டொன்பது எழுபத்து மூன்று

கும்பகோணத்துக்காரிக்கு மலை என்றால் கோயில் கோபுரம்தான். அதற்கு மேல் உயரமாக உலகத்தில் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கட்சி. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, "கொடைக்கானல் மேல்மலைக்குப் போய்ட்டு வாங்கம்மா, குளுகுளுன்னு இருக்கும்" என்று அனுப்பி வைத்தார் எங்கள் அதிகாரி. சொன்ன மனிதர் மதுரையில் மின்விசிறிக்கு அடியில் சட்டைப் பித்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கென்ன!

எழுபதுகளின் கடைசி. கல்வி அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரம் சேர்க்கிற உத்தியோகம் எனக்கு. பள்ளிக்கூடங்களை எண்ணுவேன், பிள்ளைகளை எண்ணுவேன், கரும்பலகைகளைக்கூட எண்ணியிருக்கிறேன். அத்தனையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். இந்தத் தடவை நேரில் போக வேண்டும் என்றதும் கூட வேலை பார்க்கிற ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. இன்னொருவருக்கு மாமியார் காலமாகிவிட்டார். அந்த மாமியார் போன வருஷமும் ஒரு தடவை காலமானவர்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கணக்கின் மேல் பக்தி அதிகம், அவ்வளவுதான். "டவுன் பிள்ளைக்கு ஒரு வாத்தியார், மலைப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார்னு இருக்கப்படாதும்மா. எல்லாப் பிள்ளைக்கும் நல்ல வாத்தியார் கிடைக்கணும்" என்பார். சொல்லும்போது கண் கலங்கும். அதற்காக ஒரு விதியும் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளியிலும் நூற்றுக்கு எத்தனை ஆசிரியர்கள் நல்லவர்கள் என்று பார்க்க வேண்டும். அந்த விகிதம் அதிகமாக இருக்கிற பள்ளியிலிருந்து ஒருவரை எடுத்து, குறைவாக இருக்கிற பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. "பேஷ் சார்" என்று நானும் தலையாட்டினேன். யார் நல்லவர் என்பதைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டும், ஊரில் விசாரித்தும் எழுதி வர வேண்டியது என் பொறுப்பு.

முதல் நாள் கொடைக்கானல் டவுனில் இறங்கியதும் என் பற்கள் தாமாகவே பேச ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்காரரின் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் குரங்குக் குல்லாய். கண்ணாடியில் பார்த்தபோது நான் பெண்பிள்ளை என்பதற்கு மூக்குத்தி ஒன்றுதான் சாட்சி. காபி வாங்கினேன். டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றி ஆற்றுவது எங்கள் ஊர் வழக்கம் அல்லவா? பழக்க தோஷம், இரண்டு ஆற்று ஆற்றினேன். குடிக்கும்போது ஐஸ் காபி. கடைக்காரர் பரிதாபப்பட்டு, "இங்க ஊத்துனா ஒடனே முழுங்கிரணுங்க. ஆத்துற சோலியே வேணாம்" என்றார்.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகள், அங்கேயுள்ள வெள்ளைக்காரப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் போலிருக்கிறது, மிகுந்த கவலையோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்த வருஷம் ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளாம். பன்னிரண்டு! ஒரு ஆசிரியை எப்படிச் சமாளிப்பாள், பாவம்!" இன்னொருத்தி நெஞ்சில் கை வைத்து, "கடவுளே" என்றாள். எனக்கும் கடவுளே என்றுதான் வந்தது. மறுநாள் நான் போக வேண்டிய பள்ளிகளில் ஐந்து வகுப்புக்குச் சேர்த்து ஒரே வாத்தியார்.

அடுத்த நாள் வெள்ளனே மேல்மலை பஸ். பஸ் என்றால் மனிதர்களுக்காக விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூட்டைகளுக்கு. உரம், மண்ணெண்ணெய், விதைக்கிழங்கு எல்லாம் ஏறின பிறகு மிச்சமிருந்த சந்தில் நாங்கள். பாதி வழியில், செங்குத்தான ஒரு திருப்பத்தில், வண்டி பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது.

"எல்லாரும் எறங்குங்க, வெரசா! மூட்டை மட்டும் இருக்கட்டும்" என்றார் கண்டக்டர்.

எனக்கு வந்ததே கோபம்! "நான் டிக்கெட் வாங்கியிருக்கேன். இறக்கறதுன்னா மூட்டையை இறக்குங்கோ" என்றேன்.

"மூட்டைக்கும் டிக்கெட்டு இருக்குங்கம்மா. அதுக்குக் கால் இல்லை. உங்களுக்கு இருக்குல்ல?"

மூட்டைகள் சொகுசாக முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். ஒருவர் மட்டும் பெரிய கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பின் சக்கரத்தோடு ஓடினார். வண்டி பின்னால் வந்தால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதற்காம். நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மற்றவர்கள் பூண்டு விலை பேசிக்கொண்டு நடந்தார்கள்.

பூண்டி கிராமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் பிறகு எனக்குப் பூண்டு கிடைக்காது. ஊர் எல்லையிலேயே மாலையோடு நின்றார்கள். கருப்பையா என்ற பூண்டு வியாபாரி, ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம் போலிருந்தது, என் பையை வாங்கிக்கொண்டு, "வாங்கம்மா, எங்க வாத்தியாரு மாதிரி வாத்தியாரை இந்த மலையிலேயே பாத்திருக்க மாட்டீங்க" என்றார்.

வாத்தியார் பழனிக்காரர். சொந்தமாகப் பஞ்சாமிர்தக் கடை இருக்கிறதாம். சிரித்த முகம், நெற்றி நிறைய விபூதி. வந்தவுடனே ஒரு டப்பா பஞ்சாமிர்தம் என் கையில் வைத்தார். நல்ல மனுஷர். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வரிசையில் முதலில் நின்ற பயலிடம் கொஞ்சம் பயம் தெளியட்டும் என்று, "உன் பேர் என்னப்பா?" என்றேன்.

"புது டெல்லி!"

அடுத்தவனிடம், "உங்கப்பா என்ன பண்றார்?"

"எழுபத்திரண்டு!"

மூன்றாவது பெண்ணிடம் நான் வாயே திறக்கவில்லை. "தேசியப் பறவை மயில்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். விடைகளெல்லாம் அட்சர சுத்தம், கேள்விதான் வந்து சேரவில்லை. ஊரே வாசலில் நின்று கை தட்டியது.

"பாத்தீங்களா?" என்றார் கருப்பையா. "இவரு எங்களுக்கு அதிகங்க. டவுனுக்கு எடுத்துக்கோங்க. எங்களுக்கு வருத்தந்தான், ஆனா நாங்க தாங்கிக்கிருவோம். எப்ப எடுத்துக்கிறீங்க?"

மத்தியானம் பூண்டுக் குழம்பு. பூண்டு போட்ட குழம்பு என்றுதான் உட்கார்ந்தேன், வந்தது குழம்பு தெளித்த பூண்டு. ருசி என்றால் அப்படி ஒரு ருசி. வெட்கத்தை விட்டு மூன்று தடவை சோறு வாங்கினேன். அன்று முழுக்க நான் திறந்த வாயை ஊரே முகர்ந்திருக்கும். எல்லா வாயும் அப்படியே இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கூக்கால். அங்கே ஓர் ஏரி உண்டு, அழகு என்றால் அழகு. நின்று பார்க்கலாம் என்று நின்றேன். கீழே பார்த்தால் என் கணுக்காலில் அட்டை, பேனாவுக்கு மசி நிரப்புகிற மாதிரி நிதானமாக நிரப்பிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் கரையில் நின்ற நாரைகள் பறந்து போயின. வழியில் வந்த ஒரு பெண் ஓடி வந்து, மடியிலிருந்து உப்பை எடுத்து அட்டை மேல் வைத்தாள். "அழகு பாக்கிறது எல்லாம் நடந்துக்கிட்டே பாக்கணும்மா. நின்னா கடிக்கும்" என்றாள். பார்வதி என்று பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். ஏரி தாண்டி அவர்கள் குடியிருப்பு, அங்கேதான் நான் பார்க்க வேண்டிய ஓராசிரியர் பள்ளி.

பார்வதி என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற வழியெல்லாம் டீச்சரைத் திட்டிக்கொண்டே வந்தாள். "எங்க டீச்சரா? ஐயோ, அதை ஏன் கேக்கிறீங்க. வேஸ்ட்டும்மா. ஒண்ணும் தெரியாது. புள்ளைக கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சுக."

டீச்சர் செல்வமணியும் அதே தோட்டத்திலிருந்து வந்தவர்தான். முப்பது வயசு இருக்கும். தலை குனிந்து நின்றார். வகுப்பறை கழுவி விட்ட மாதிரி இருந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த மேல்மலைப் படம், ஓடைகள் எல்லாம் பெயரோடு. எனக்குத் தேத்தண்ணி வந்தது. பால் இல்லாத தேநீர் ஒரு கையில், வெல்லக் கட்டி இன்னொரு கையில். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். அதை நான் ஆற்றவில்லை. மனுஷி ஒரு தடவைதான் ஏமாறுவாள்.

"எட்டொன்பது எவ்வளவு?" என்று ஆரம்பித்தேன்.

"எழுபத்து மூணு" என்றான் ஒரு பையன், முகத்தில் சலனமே இல்லாமல்.

"பன்னிரண்டேழு?"

"எம்பத்தஞ்சு."

சரி, மக்குகள்தான் என்று பேனாவைத் திறந்தேன். ஆனாலும் என் உத்தியோகம் எண் பார்க்கிறது. ஏதோ உறுத்தியது. பாடப் புத்தகத்தில் இல்லாததாகக் கேட்போம் என்று, "பதினேழாறு?" என்றேன். பின்வரிசைப் பிள்ளை ஒன்று கண்ணை மூடி, விரலை மடக்கி, "நூத்தி மூணு" என்றது.

நூற்றிரண்டு. ஐயா, ஒவ்வொன்றும் சரியாக ஒன்று அதிகம்! தெரியாத பிள்ளை கண்டபடி உளறும். இப்படி நூல் பிடித்தாற்போல் ஒன்று கூட்டித் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் சரியான விடை தெரிந்திருக்க வேண்டாமா? எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பதினேழாறு தாளில்லாமல் வராது.

முன்வரிசையில் இரட்டைப் பின்னலோடு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பெயர் புஷ்பம். அவளிடம், "இந்தியாவின் தலைநகர் எது கண்ணு?" என்றேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். டீச்சரைப் பார்த்தாள். பார்வதியைப் பார்த்தாள், அவள் அம்மா பார்வதிதான் என்று பிறகு தெரிந்தது. உதடு பிதுங்கியது. "பா... பாச்சலூர்" என்று பக்கத்து மலை ஊர் பேரைச் சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர், என்னால முடியல டீச்சர்! டெல்லி டீச்சர்! எழுபத்திரண்டு டீச்சர்! எம்பத்தி நாலு டீச்சர்!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. வகுப்பே சரியான விடைகளைக் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் கேட்காத வாய்ப்பாடெல்லாம் வந்தது. செல்வமணி டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பார்வதி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு" என்றாள். "எல்லாம் போச்சு. டீச்சரைக் கொண்டு போயிருவீங்க."

"நான் எதுக்கும்மா கொண்டு போறேன்?"

"முன்னால ஒரு ஐயா வந்தாரு. அப்ப இருந்த சாரை நல்லாப் புகழ்ந்து எழுதிட்டுப் போனாரு. நாங்களும் சந்தோசமாக் கை தட்டினோம். பேந்து என்ன, அடுத்த மாசமே சாரை டவுனுக்கு மாத்திட்டாங்க. ஒரு வருசம் இஸ்கூல் பூட்டிக் கெடந்திச்சு. புள்ளைக எல்லாம் கெழங்குக் காட்டுக்குப் போயிருச்சுக. எம்புள்ளையும்தான் போனா. அப்பறம் இந்த டீச்சர் வந்துதான் காட்டிலேருந்து ஒண்ணொண்ணாப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க." மூக்கைச் சிந்தினாள். "அதிலேருந்து மேல்மலைக்கே ஒரு கட்டுப்பாடும்மா. நல்ல வாத்தியார் கெடைச்சா மோசம்னு சொல்லணும். மோசமான வாத்தியார் வந்தா ஊரே கூடி மெச்சணும். பச்சப்புள்ள கன்னத்தில மைப் பொட்டு வக்கிறதில்லையா? கண்ணு படக் கூடாதுன்னு? அது மாதிரிதாம்மா."

எனக்கு நேற்றைய பூமாலையும் கைதட்டலும் பூண்டுக் குழம்பும் ஒரே சமயத்தில் விளங்கின. அடப்பாவிகளா! அதோடு இன்னொன்றும் விளங்கியது. எங்கள் அதிகாரியின் விதிப்படி இந்தப் பள்ளியில் இருக்கிற ஒரே ஆசிரியை நல்லவர். அதாவது நூற்றுக்கு நூறு! டவுன் பள்ளியில் பத்துப் பேரில் நாலு பேர் சுமார் என்றால் அங்கே விகிதம் குறைவு. ஆகவே இங்கிருந்து எடுத்து அங்கே கொடு. மலைப் பிள்ளைக்கு நல்ல வாத்தியார் வேண்டும் என்று கண் கலங்கிய மனுஷரின் விதி, மலைப் பிள்ளையின் வாத்தியாரைப் பிடுங்கி டவுனுக்குக் கொடுக்கிறது.

அன்று மத்தியானம் தேங்காய் ரொட்டியும் கண்ணில் நீர் வரவழைக்கிற மிளகாய்ச் சம்பலும் சாப்பிட்டேன். சம்பல் உறைத்ததா, மனசு உறைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வமணி டீச்சர் கூட வந்தார்.

"என்னைய மோசம்னே எழுதிருங்கம்மா" என்றார். "பேரு கெட்டாப் பரவால்ல. புள்ளைகளைப் பொய் சொல்ல வச்சேன் பாருங்க, அதுதான் நெஞ்சில நிக்குது."

"நான் பொய் எழுத மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடிப் போனது. "ஆனா உங்களை இங்கேருந்து நகத்தவும் விட மாட்டேன்" என்றும் சொன்னேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கும்பகோணத்து வாய் அப்படி, முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிக்கும். திரும்பும்போது அதே திருப்பத்தில் பஸ் நின்றது. யாரும் சொல்லாமலே இறங்கி, மூட்டைகளுக்கு வழிவிட்டு நடந்தேன்.

மதுரையில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன். கூக்கால் டீச்சர் அருமை, அந்த இன்னோர் ஊர் வாத்தியார் அங்கே இருப்பதே அபூர்வம். அதிகாரி படித்துவிட்டு மகிழ்ந்து போனார். "அப்ப கூக்கால் நூத்துக்கு நூறு! உடனே மாத்தல் போட்டுரலாம்."

"சார், அந்தப் பிள்ளைகளுக்கு வேற ஆளே இல்லை..."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அதிகாரிக்குச் சர்க்கரை வியாதி, வீட்டம்மா டப்பாவில் ஒரே ஒரு தோசைதான் வைப்பார். நெய் மணக்க, பொன்னிறமாக, வட்டமான தோசை. எதிர் மேசை டைப்பிஸ்ட் மணி கல்யாணமாகாத பிள்ளை, தானே சுட்டு எடுத்து வருவான். டப்பா நிறைய தோசை, அதில் சிலது கரி.

நான் எழுந்து போனேன். அதிகாரி தோசையைப் பிய்க்க விரலை நீட்டிய சமயம், அதை அப்படியே எடுத்து மணியின் டப்பாவில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அலுவலகமே நின்றுவிட்டது. மணி வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தான். வேலை போனால் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று நான் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"உங்க டப்பாவில நூத்துக்கு நூறு நல்ல தோசை சார். மணி டப்பாவில விகிதம் குறைச்சல். விதிப்படி எடுத்துக் கொடுத்துட்டேன்."

"நான் என்ன சாப்பிடறது?"

"அடுத்த நல்ல தோசை மாடி இறங்கி, ரோடு தாண்டினா ஓட்டல்ல இருக்கு சார். கூக்கால்ல ரோடு தாண்டினா காட்டுமாடுதான் இருக்கு."

அவர் காலி டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். சிரிப்பாரா, சஸ்பெண்டு செய்வாரா என்று தெரியாமல் நான் முருகனைக் கூப்பிட்டேன், பஞ்சாமிர்தம் சாப்பிட்ட நன்றிக்கு. அவர் பேனாவை எடுத்து, தன் விதியின் கீழே ஒரு வரி சேர்த்தார்: ஒரு நல்லாசிரியரை எடுத்தால் அந்தப் பிள்ளைகள் அடுத்த நல்லாசிரியரிடம் போக எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுக, நடக்க முடியாத தூரமென்றால் எடுக்காதே. டவுன் பள்ளிகளுக்கு நான் "அடுத்த அறை" என்று நிரப்பினேன். கூக்காலுக்கு "இரண்டு மலை, காட்டுமாடு, அட்டை." அட்டையை அடித்துவிட்டார். மற்றது நின்றது.

செல்வமணி டீச்சர் கூக்காலிலேயே இருந்தார். பழனி வாத்தியாரைப் பழனிக்கே அனுப்பி, கண்டிப்பான தலைமையாசிரியர் ஒருவரின் கண்ணுக்குக் கீழே பத்தோடு பதினொன்றாக உட்கார வைத்தார்கள். சாக்பீஸ் இருக்குமிடம் இப்போது தெரிந்துவிட்டதாகக் கேள்வி.

பல வருஷம் போய், எண்பதுகளின் பிற்பாதியில், வீட்டுக்காரருக்கு ஏரியைக் காட்டுகிறேன் என்று மறுபடி கொடைக்கானல் போனேன். பஸ் நிலையத்தில் யாரோ, "ஆபீசரம்மா!" என்று கூப்பிட்டார்கள். பூண்டு வியாபாரி கருப்பையா. தலை வெளுத்திருந்தது, கையில் பேத்தியைப் பிடித்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஊருக்குப் புது டீச்சர் வந்திருக்காங்கம்மா. அதை ஏன் கேக்குறீங்க! தண்டம். ஒண்ணுந் தெரியாது. புள்ளைக பாழாப் போச்சு. எழுதிக்கோங்க."

"நான் அதுக்கு வரலைங்க. கூக்கால் செல்வமணி டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க. அவங்களும் படு மோசம்."

விதி மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மேல்மலை இன்னும் நம்பவில்லை. நான் குனிந்து பேத்தியிடம், "எட்டொன்பது எவ்வளவு கண்ணு?" என்றேன்.

அவள் தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடக்கினாள். "எழுபத்து மூணு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "உங்க டீச்சர் பேரு என்னம்மா?"

"புஷ்பம் டீச்சர்."

"கூக்கால் பக்கத்துப் புள்ளைங்க" என்றார் கருப்பையா அவசரமாக. "அங்க ஏரிக்கு அந்தாண்ட, சிலோன்ல இருந்து வந்தவுக குடும்பம்."

பாச்சலூர் என்று ஒரு பொய் சொல்ல முடியாமல் ஓவென்று அழுத பெண். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, குளிர் என்று சொல்லி சால்வையால் துடைத்துக்கொண்டேன். கருப்பையா கவலையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எதையாவது கண்டுபிடித்துவிட்டேனோ என்று.

"ரொம்ப மோசமான டீச்சர் போலிருக்கே" என்றேன்.

"ஆமாங்கம்மா" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. "அவங்களை மாதிரி மோசம் இந்த மலையிலேயே கெடையாதுங்க."